மாப்பிள்ளைக் குதிரையின் தை மாதம்

ஒரு குதிரையின் வாலுக்குக் கீழே நீங்கள் எவ்வளவு நேரம் கண் வெட்டாமல் பார்த்திருக்கிறீர்கள்? நான் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் பார்த்திருக்கிறேன். படித்த பெண்களுக்கு இப்படியான வாய்ப்புகள் தானாக அமையும்.

நான் தனியாக நிற்கவில்லை. என் இடப்பக்கம் குதிரையின் முதலாளி குணம் அண்ணை. வலப்பக்கம் என் அப்பா. மூன்று பேரும் லாயத்தின் நடைபாதையில் வரிசையாக நின்றோம். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. எங்கள் மூச்சு புகையாக மேலே போனது. குதிரையின் மூச்சும் போனது. அது ஒன்றுதான் அவனிடமிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

அவன் பெயர் இந்திரன். குடல் அடைத்துவிட்டது. முதல் நாள் மாலையே மிருக வைத்தியரான டொக்டரம்மா வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு, எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போனார். இன்று காலை மறுபடியும் வந்து, தோள்மூட்டு வரை கையுறை போட்டுக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இரண்டு மணிக்கு வருகிறேன். இன்றைக்குள் லத்தி போட்டால் பிழைப்பான். போடாவிட்டால் ஒப்பரேஷன். இருபது வயதுக் குதிரைக்கு நான் ஒப்பரேஷன் சொல்ல மாட்டேன்."

ஒப்பரேஷனும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஒரு ஊசி. அது எந்த ஊசி என்று குணம் அண்ணைக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கே விளங்கிவிட்டது.

போகும்போது டொக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே வைத்தீர்கள்? பிறகேன் குடிக்காமல் விட்டான்? உப்பு இருக்கிறதா?"

"நிச்சயமாக," என்றேன் நிமிர்ந்து நின்று. "எங்கள் பட்டியலில் ஏழாவதே அதுதான்."

அந்த நிமிர்வை ஞாபகம் வைத்திருங்கள். அது மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை.

கடுங்குளிரில் ஒரு முகூர்த்தம்

இந்திரன் ஓட்டப்பந்தயக் குதிரையாக இருந்தவன். ஒரு பந்தயத்திலும் வென்றதில்லை என்று கேள்வி. அப்படிப்பட்டவனை வேறு யார் வாங்குவார்கள்? ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவில் மணவறை, பூ, லைற் எல்லாம் வாடகைக்கு விடும் குணம் அண்ணைதான் வாங்கினார். வெள்ளையாக இருந்தான், அது போதும்.

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் மாப்பிள்ளை எப்போது குதிரை ஏறினார் என்று என்னைக் கேட்காதீர்கள். பக்கத்துக் கல்யாண ஹோலில் வடநாட்டுக்காரரின் மாப்பிள்ளை ஏறியதை யாரோ பார்த்தார். அடுத்த வருடமே அது எங்கள் பரம்பரை வழக்கமாகிவிட்டது. ஐயர்கூட இப்போது "குதிரை வந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் நேரம் பார்க்கிறார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். மார்கழியில் நாங்கள் கல்யாணம் செய்வதில்லை. தையில் செய்வோம். ரொறன்ரோவில் இதன் பொருள், குளிரில் செய்யமாட்டோம், கடுங்குளிரில் செய்வோம் என்பதுதான். வருடத்தில் நாய்கூட வெளியே இறங்க யோசிக்கும் அந்த நாலு கிழமையில்தான் பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை குதிரையில் ஏறிக் கை காட்டுவார். நாற்பது மீற்றர் ஊர்வலம். கார் தரிப்பிடத்தில் தொடங்கிக் கார் தரிப்பிடத்தில் முடியும்.

சந்தனப் பொட்டு வைத்த டிப்ளோமா

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. அப்பா மட்டக்களப்பில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் ஒரு பூ வரைகிறார் என்று நினைப்பீர்கள்.

நான் கொலிஜில் இரண்டு வருடம் மிருகப் பராமரிப்புப் படித்தேன். டிப்ளோமாவோடு வோபர்னில் உள்ள எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்த அன்று சொந்தக்காரர் வட்டமாக உட்கார்ந்து விசாரித்தார்கள்.

"டொக்டரோ?"

"டொக்டருக்கு உதவி, அன்ரி."

"அப்ப நேர்ஸ்."

"மிருகங்களுக்கு."

யாரோ செத்த வீட்டுக்கு வந்ததுபோல அன்ரி என் கையைத் தடவினார். அம்மா மட்டும் அந்த டிப்ளோமாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கொழுவினார். இன்றுவரை வெள்ளிக்கிழமைகளில் லட்சுமிக்கும் முருகனுக்கும் வைத்த பிறகு அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைக்கிறார்.

குணம் அண்ணை என்னை வேலைக்கு எடுத்தார். ஸ்டீல்ஸ் தெருவைத் தாண்டி வடக்கே அரை மணி நேரம் காரோடினால் அவர் வாடகைக்கு எடுத்த லாயம். அடுத்த மாரிக் குளிரில், அப்பா வேலை செய்த கிடங்கை மூடிவிட்டார்கள். அப்பாவும் என்னோடு வரத் தொடங்கினார். லாயம் கூட்டுவது, புல் போடுவது, தண்ணீர் வைப்பது அவர் வேலை. எப்படிக் கூட்ட வேண்டும், எப்படிப் போட வேண்டும், எப்படி வைக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

மூன்று கம்பளிக்காரன்

குளிர்காலத்தில் குதிரைக்குத் தேவையானவை அதிகமில்லை. காற்று நேராக அடிக்காத இடம். நிறையக் காய்ந்த புல். அது வயிற்றில் கிடந்து செரிக்கும்போது வரும் சூடுதான் அவனுடைய ஹீற்றர். ஐஸ் கட்டாத தண்ணீர். தண்ணீரைத் தேட வைக்க ஒரு உப்புக்கட்டி. உள்ளே நல்ல காற்றோட்டம். மயிர் தானாகவே அடர்ந்து எழும்பி நிற்கும்.

இதைக் குணம் அண்ணை முழுவதும் கேட்டுத் தலையாட்டினார். அடுத்த நாள் நான் போய்ப் பார்க்கும்போது இந்திரன் மூன்று கம்பளியோடு நின்றான். அடியில் குதிரைக் கம்பளி. அதற்கு மேல் நம் எல்லோர் வீட்டிலும் உள்ள, பெரிய ரோசாப்பூப் போட்ட தடித்த கம்பளி. எல்லாவற்றுக்கும் மேல் ஊர்வலத்துக்குப் போடும் ஜரிகை வைத்த சிவப்பு வெல்வெற். காது இரண்டையும் சேர்த்து ஒரு மஃப்ளர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பெரியப்பாவைப் போல இருந்தான்.

"அண்ணை, இது என்ன?"

"என்ன எண்டா? உனக்கு ஜக்கெற் வேணும், சப்பாத்து வேணும், தொப்பி வேணும். உவன் மட்டும் வெறும் மேலோட நிக்கிறதோ?"

"அவன்ர மயிர்தான் அவன்ர ஜக்கெற். மேல பாரத்தைப் போட்டா அது படுத்திடும். உள்ளுக்கு வேர்க்குது, கை வைச்சுப் பாருங்கோ."

"உதெல்லாம் வெள்ளைக்காரன்ர குதிரைக்குச் சரி, டொக்டர்," என்றார் கேலியாக.

"இவன் என்ன நல்லூரிலயோ பிறந்தவன்?"

குணம் அண்ணை சிரித்துவிட்டு ரோசாப்பூக் கம்பளியை மட்டும் கழற்றினார். நான் வீட்டுக்குப் போனதும் திரும்பப் போட்டிருப்பார்.

யன்னலை மூடுகிற விஷயத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். என் அப்பா.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் கனடாவுக்கு வந்த முதல் மாரியில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில், ஒரு அறை வீட்டில் ஆறு ஆண்கள் இருந்தார்கள். குளிருக்குப் பயந்து யன்னல் விளிம்பெல்லாம் பிளாஸ்ரிக் ஒட்டி, அதற்கு மேல் துவாயைச் சுருட்டி அடைத்தார்கள். உள்ளேயே மீன் பொரித்தார்கள், உள்ளேயே உடுப்புக் காயப்போட்டார்கள். ஆறு பேரும் சித்திரை வரைக்கும் இருமினார்கள். இருமலுக்குக் காரணம் குளிர்தான் என்று இன்றைக்கும் நம்புகிறார்கள்.

நான் லாயத்தின் மேல் யன்னலைத் திறப்பேன். மூத்திரத்தின் காரம் வெளியே போகட்டும், இல்லையென்றால் நுரையீரல் கெடும் என்று விளக்குவேன். அப்பா பவ்வியமாகக் கேட்பார். நான் திரும்பியதும் மூடுவார்.

என் பன்னிரண்டு கட்டளைகள்

சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு, படித்தவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். எழுதி ஒட்டினேன்.

பன்னிரண்டு அம்சங்கள். சுத்தமான ஆங்கிலம். மேலே ஒரு பனிச்செதில் படம். பிளாசாவில் கொடுத்துத் தண்ணீர் படாமல் லமினேட் செய்வித்தேன். ஏழாவது: உப்புக்கட்டி எப்போதும் அதன் தட்டில் இருக்க வேண்டும்.

அப்பாவிடம்தான் முதலில் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"நல்ல வடிவா இரிக்கு, புள்ள."

அவருக்கு வாசிக்க வராது என்று எனக்குத் தெரியாதா? பதினொரு வயதிலிருந்து அவருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொன்னவள் நான். ஆனால் அந்தத் தாள் அப்பாவுக்காக எழுதியது அல்ல. டொக்டரம்மா வந்து பார்த்து, இதை யார் எழுதியது என்று கேட்பதற்காக எழுதியது. அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் அப்பாவுக்குப் பிரஷர் கூடியது. குடும்ப டொக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், வழக்கம்போல மொழிபெயர்க்க. டொக்டர் ஆங்கிலத்தில் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் தமிழில், "உப்பை முழுக்க நிப்பாட்டச் சொல்றார் அப்பா," என்றேன். குறைக்கச் சொன்னால் கேட்கமாட்டார், நிற்பாட்டச் சொன்னால்தான் குறைப்பார் என்பது என் கணக்கு. மொழிபெயர்ப்பில் ஒரு படி உயர்த்திச் சொல்லும் உரிமை எனக்கு உண்டென்று நெடுநாளாக நம்பியிருந்தேன்.

ஆனால் அவர் குறைக்கவில்லை. நிற்பாட்டியே விட்டார். கருவாடில்லாமல் சோறு இறங்காத மனிதர், மூன்று மாதம் வெறும் பருப்பை விழுங்கினார். ஒரு சொல் முணுமுணுக்கவில்லை. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், என்னைப் பற்றி.

இன்னொரு நாள், இந்திரனைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது அப்பா கேட்டார், "இவனுக்கு என்ன வயசு, புள்ள?"

"இருபது. மனிசருக்கெண்டா அறுபது வரும். உங்கட வயசுதான் அப்பா."

அப்பா குதிரையைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்றிலிருந்து அவனோடு கூடுதலாகக் கதைக்கத் தொடங்கினார்.

வெளிச்சம் வந்த வழி

இனி, வாலைப் பார்த்து நின்ற அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். பதினொரு மணி இருக்கும். இந்திரன் முன்காலால் தரையைக் கீறினான். திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தான். குணம் அண்ணையின் ரெலிபோன் அடித்தது. சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார்.

"ஓம், ஓம், குதிரை நல்ல சுகம். கொஞ்சம் ரெஸ்ற் எடுக்குது." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திட்டன். உன்ர புத்தகத்தில வேற ஏதும் இருக்கோ?"

அப்போதுதான் வெயில் சுற்றி வந்து மேல் யன்னலில் விழுந்தது. யன்னல் இடுக்கில் ஏதோ பளபளத்தது. ஆங்கில எழுத்துகள். தலைகீழாக. மேலே, அதாவது கீழே, ஒரு பனிச்செதில்.

வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினேன். என் பன்னிரண்டு கட்டளைகளை ஒருவர் அளவாக மடித்து, காற்றுப் புகாமல் இடுக்கில் செருகி, நாலு பக்கமும் ரேப் ஒட்டியிருந்தார். மிக நேர்த்தியான வேலை. நாலாவது கட்டளை: யன்னலை அடைக்கக் கூடாது.

உரித்தெடுத்தேன். குளிர்காற்று முகத்தில் அடித்தது. லமினேட் செய்தபடியால் ஒரு எழுத்தும் அழியவில்லை. நாலு, ஐந்து, ஆறு, ஏழு. ஏழில் கண் நின்றது. திரும்பி உப்புத் தட்டைப் பார்த்தேன்.

வெறும் தட்டு. அதன் மேல் தூசு.

நேராகக் குணம் அண்ணையிடம் போனேன். மூன்று கம்பளிக் குற்றவாளி அவர்தானே.

"உப்பு எங்க, அண்ணை?"

"என்ன உப்பு?"

"அந்தத் தட்டில இருந்த கட்டி. வேர்க்க வேர்க்கக் கம்பளியைப் போட்டு, உப்பையும் எடுத்திட்டா அவன் எப்பிடித் தண்ணி குடிப்பான்? தண்ணி இல்லாட்டிப் புல்லு உள்ளுக்கயே இறுகும். அதுதான் இறுகிக் கிடக்குது!"

"அம்மாளாச்சி அறிய நான் உப்பைத் தொடேல்ல, பிள்ளை!"

"நான்தான் எடுத்த," என்றார் அப்பா.

இருவரும் திரும்பினோம்.

"ஏன் அப்பா?"

"பிரஷர்."

"ஆருக்கு?"

"அவனுக்குத்தான். என்ட வயசெண்டு நீதானே சொன்ன. என்ட வயசுக்கு உப்பே கூடாதெண்டும் நீதானே சொன்ன. அவன் நக்கி நக்கித் தின்னுறான், எனக்குப் பயமாப் போச்சு. மூணு கிழமைக்கு முன்னமே எடுத்துப் பேப்பர்ல சுத்தி அலுமாரிக்குள்ள வெச்சிட்டன். நானும் தின்னல்ல, அவனும் தின்னல்ல."

"குதிரைக்குப் பிரஷரோ!" என்று குணம் அண்ணை சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூன்று கிழமையாக நான் ஒவ்வொரு நாளும் அந்தத் தட்டைக் கடந்து போயிருக்கிறேன். பட்டியலில் எழுதியாயிற்று, பிறகு தட்டை ஏன் பார்க்க வேண்டும்?

அப்பா இந்திரனின் கழுத்தில் கையை வைத்தார்.

"செத்திருவானா, புள்ள?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை அப்பாவிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மொழிபெயர்ப்பாளர்

கம்பளிகளைக் கழற்றினோம். யன்னல்களைத் திறந்தோம். அப்பா இந்திரனை முற்றத்தில் மெதுவாக நடத்தினார், போக இருபது அடி, வர இருபது அடி. அவன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார். மன்னிப்பாக இருக்கலாம். அதை மொழிபெயர்க்க யாரும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு டொக்டரம்மா வந்தார். காலையில் என் சொல்லை நம்பிப் போனவர், இந்த முறை வந்ததும் வெறும் தட்டைக் கண்டார். அவர் கட்டளைகளை வாசிப்பவர் அல்ல, தட்டைப் பார்ப்பவர்.

"உப்பு இருக்கிறது என்றீர்களே. யார் எடுத்தது?"

குணம் அண்ணைக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். மெல்ல என் பக்கம் கண்ணைக் காட்டினார். பழியைத் தன் தலையில் போடு, பரவாயில்லை என்ற அர்த்தம். பெரிய மனது. அவர் தலையில் ஏற்கெனவே மூன்று கம்பளி இருந்தது, நாலாவதாக உப்பு ஏறினால் பாரம் தெரியவா போகிறது?

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்காக எத்தனையோ கவுண்டர்களில் எத்தனையோ பேரிடம் வெட்டியும் ஒட்டியும் பேசியவள் நான். இன்றைக்கும் ஏதாவது செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

"என் அப்பா எடுத்தார்," என்றேன் ஆங்கிலத்தில். "எடுக்கும்படி ஆக்கியது நான். அவருக்கு நான் பிழையாகச் சொன்னேன். மூன்று கிழமையாகத் தட்டைப் பார்க்காததும் நான்தான்."

டொக்டரம்மா என்னைத் திட்டவில்லை. தண்ணீரில் உப்புகளைக் கரைத்து இரண்டாம் தடவையாகக் குழாய் விட்டார். அதன் பிறகு நாங்கள் நாலு பேர் வாலைப் பார்த்தோம்.

நாலு மணிக்குச் சற்று முன்பு, இந்திரன் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கினான். யாரும் மூச்சு விடவில்லை. முதலில் காற்று வந்தது, நீளமாக. பிறகு மூன்று உருண்டைகள், எண்ணெய் பூசி மினுங்கிக்கொண்டு, வைக்கோலில் விழுந்தன. அவற்றிலிருந்து ஆவி எழுந்தது.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குணம் அண்ணை ரெலிபோனை எடுத்து அதைப் படம் பிடித்து, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போனார். நான் கையைப் பிடித்தேன்.

"இரண்டு கிழமைக்கு ஊர்வலம் இல்லை, அண்ணை."

"சனிக்கிழமை, பிள்ளை! டிரோன்காரனுக்கும் சொல்லியாச்சு!"

"மாப்பிள்ளைக்குக் கால் இருக்குதுதானே?"

இருந்தது. சனிக்கிழமை அந்த மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு நாற்பது மீற்றரையும் நடந்தார், மேலே டிரோன் பறந்தது. பிறகு ஒரு கிழமை தடிமனும் சளியும் பிடித்துக் கிடந்தாராம். அவருக்கு ஒரு ரோசாப்பூக் கம்பளி போர்த்த யாருக்கும் தோன்றவில்லை.

தட்டில் வைத்தது

வியாழக்கிழமை பின்னேரம் அப்பா அலுமாரியிலிருந்து உப்புக்கட்டியை எடுத்து வந்தார். பேப்பரைக் கவனமாகப் பிரித்துத் தட்டில் வைத்தார். இந்திரன் மோந்து பார்த்துவிட்டு நக்கத் தொடங்கினான். அப்பா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவனுக்குக் குடுத்தாச்சு," என்றார். "எனக்கு எப்ப?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அடுத்த முறை டொக்டரிடம் கேட்போம் என்று தள்ளியிருக்கலாம்.

"டொக்டர் குறைக்கத்தான் சொன்னவர், அப்பா. நிப்பாட்டச் சொன்னது நான்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குதிரையைப் பார்த்தார். மூன்று மாதத்துப் பருப்பு முழுவதும் அவர் முகத்தில் வந்துபோனது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அந்த மூன்று உருண்டைகளை அள்ளப் போனார்.

அடுத்த நாள் மத்தியானம், லாயத்துக் கதவைத் திறந்ததும் மூக்கில் அடித்தது. மூத்திரக் காரத்தையும் புல்லையும் குதிரையையும் மீறிய வாசனை. யன்னல் நன்றாகத் திறந்திருந்தும் போகவில்லை. அப்பா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் இந்திரன் தன் கட்டியை நக்கிக்கொண்டு நின்றான்.

நான் வாயைத் திறக்க முன்னமே, அப்பா கருவாட்டை விரல் நுனியில் தூக்கிக் காட்டினார்.

"சின்னத் துண்டுதான், புள்ள. கொறச்சிரிக்கன்."